நாற்பது கிளாஸும் ஒரு நெயில்பாலிஷ் பாட்டிலும்

என் அப்பா யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசி நான் கேட்டதில்லை. தெருநாயைக்கூட "அக்கட்டால போங்க" என்றுதான் விரட்டுவார். அவிநாசிக்கு வடக்கே, மெயின் ரோட்டிலிருந்து எங்கள் ஊருக்குப் பிரிகிற இடத்தில் அவருடைய பேக்கரி இருக்கிறது. டீ, பஃப்ஸ், தேங்காய் பன், வர்க்கி. அந்தப் பேக்கரியில் அவர் பல வருஷம் இரண்டு விதமான கிளாஸ்களில் டீ ஊற்றினார். அதையும் மரியாதையாகத்தான் செய்தார்.

"உங்க கிளாஸ் கீழ்த்தட்டுல இருக்குதுங்க. எடுத்துக்கோங்க."

காலனியிலிருந்து வருகிறவர்களிடம் சொல்வது இது. மேல்தட்டுக் கிளாஸ் ஊர்க்காரர்களுக்கு, கீழ்த்தட்டுக் கிளாஸ் காலனிக்காரர்களுக்கு. மற்ற கடைகளில் இதையே "டேய், அந்தக் கிளாஸை எட்றா" என்பார்கள். அப்பா அப்படிச் சொல்லாததால் அவரை நல்ல மனுஷன் என்று இரண்டு பக்கத்திலும் சொன்னார்கள். அவரும் அதை நம்பினார். "நான் ஆரையும் வாடா போடான்னு பேசுனதில்ல கண்ணு" என்று என்னிடமே பலமுறை பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் பக்கத்துப் பேச்சைக் கேட்டால் மனசு குளிர்ந்துவிடும். எனக்குச் சில நாள் பற்றிக்கொண்டு வரும். கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளும்போதும் "படி இருக்குது, பாத்துப் போங்க" என்று சொல்லித் தள்ளுகிற ஊர் எங்களுடையது.

நான் ஒன்பதாவது படித்தபோது யாரோ மனுப் போட்டு, தாலுகா ஆபீசிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். கடையில் இரண்டு தட்டு இருக்கக் கூடாது, தீண்டாமை சட்டப்படி குற்றம், உள்ளே போக வேண்டியிருக்கும் என்று சொன்னார்கள். அப்பா "செரிங்க சார், தப்புங்க சார்" என்றார். அவர்கள் போனதும் கீழ்த்தட்டைக் கழற்றினார். எல்லாக் கிளாஸும் ஒரே தட்டுக்கு வந்தன. அப்புறம்தான் அவருக்கு உறைத்தது, இப்போது எது எவருடையது என்று எப்படித் தெரியும்?

அவர் தலையைச் சொறிந்துகொண்டே திரும்பியபோது என் கை விரல்கள் கண்ணில் பட்டன. அவிநாசித் தேர் நோம்பித் திருவிழாக் கடையில் வாங்கிய நெயில்பாலிஷ். நல்ல சிவப்பு. வீட்டில் அம்மா திட்டுவாள் என்று கடையில் வைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"அம்மணி, அந்த பாட்டிலை எடு" என்றார் அப்பா.

புள்ளி வைத்தது நான்தான். கிளாஸின் அடியில், வெளிப்பக்கம், மிளகு அளவுக்கு. எனக்குக் கை நடுங்காது, நாக்கைக் கடித்துக்கொண்டு இருபது கிளாஸுக்கும் ஒரே அளவில் வைத்தேன். கடைக்கு ஒத்தாசை செய்ததில் எனக்கு அவ்வளவு பெருமை. அடுத்த மாதம் அதிகாரிகள் மறுபடி வந்தார்கள். ஒரே தட்டைப் பார்த்துத் திருப்திப்பட்டு, ஆளுக்கொரு டீ குடித்துவிட்டுப் போனார்கள். யாரும் கிளாஸைத் திருப்பிப் பார்க்கவில்லை. டீ கிளாஸை யார் திருப்பிப் பார்க்கிறார்கள்?

ஒரு வழக்கம் மட்டும் அப்படியே இருந்தது. காலனிக்காரர்கள் குடித்த கிளாஸை அவர்களே குழாயடியில் கழுவி வைத்துவிட்டுப் போக வேண்டும். ஊர்க்காரர்கள் குடித்ததை என் அம்மா கழுவுவாள். அப்பா டீ ஆற்றுவதோடு சரி.

பத்தாவது வரைக்கும் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் காலனிப் பெண். கணக்கில் நான் அவளைப் பார்த்து எழுதுவேன், இங்கிலீஷில் அவள் என்னைப் பார்த்து எழுதுவாள். ஒரே இலந்தவடைப் பாக்கெட்டை ஆளுக்குப் பாதி நக்கித் தின்போம். கடைசிப் பரீட்சை முடிந்த அன்று அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பேக்கரிக்குள் போனேன். அப்பா வாயெல்லாம் பல்லாக, "வா கண்ணு, உக்காரு கண்ணு, பரீட்சை நல்லா எழுதுனியா" என்று முட்டை பஃப்ஸ் வைத்தார். இரண்டு டீ கொடுத்தார். எனக்கு ஒரு கிளாஸ், அவளுக்கு ஒரு கிளாஸ்.

நான் யோசிக்கவே இல்லை. அவள் எனக்கு என் பெஞ்சுக்காரி, அவ்வளவுதான். கடைசி மடக்குக்கு அவள் கிளாஸை உயர்த்தியபோதுதான் அடியில் சிவப்பு தெரிந்தது. நான் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள். கிளாஸைக் கவிழ்த்துப் புள்ளியைப் பார்த்தாள். அப்புறம் மேஜைமேல் இருந்த என் விரல்களைப் பார்த்தாள். இரண்டும் ஒரே சிவப்பு.

அவள் எழுந்து குழாயடிக்குப் போனாள், கிளாஸை உள்ளும் புறமும் தேய்த்துக் கழுவினாள், கவிழ்த்து வைத்தாள். "டீ நல்லா இருந்துச்சுங்க" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு வெளியே போனாள். அதற்கப்புறம் அவள் எங்கள் பேக்கரிக்குள் காலெடுத்து வைக்கவில்லை. என் கல்யாணத்துக்கு வந்தாள், என் பெண் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்தாள், இன்றும் வாரத்துக்கு ஒருமுறை போனில் பேசுகிறோம். பேக்கரிப் பேச்சு மட்டும் வராது. அவள் ஒருநாள் எங்கள் கடையில் நிம்மதியாக உட்கார்ந்து ஒரு டீ குடிக்க வேண்டும் என்பது என் ஆசை. அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வந்ததில்லை.

நான் இப்போது கோயம்புத்தூரில், கணபதிப் பக்கம் ஒரு பம்பு கம்பெனியில் தரச்சோதனைப் பிரிவில் இருக்கிறேன். ஓட்டிப் பார்த்துச் சரியாக இருக்கும் பம்பில் பச்சைப் பெயிண்டால் ஒரு புள்ளி வைப்பது என் வேலை. கைராசி என்று சொல்லிச் சிரிக்கிறார்கள்.

இதற்கிடையே பேப்பர் கப் வந்தது. வந்த வேகத்தில் எங்கள் ஊரில் சமத்துவமும் வந்துவிட்டது. எல்லாருக்கும் பேப்பர் கப், குடித்தோமா கசக்கி எறிந்தோமா என்றிருந்தது. கழுவுகிற வேலை அம்மாவுக்கும் இல்லை, காலனிக்காரர்களுக்கும் இல்லை. அப்பா பழைய கிளாஸ்களைச் சாக்கில் கட்டிப் பரண்மேல் போட்டார். "நம்ம கடையில பாகுபாடே கெடையாதுங்க" என்று டீ ஆற்றும்போதெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். டவுனிலிருந்து ஒரு சங்கத்துக்காரர்கள் வந்து, சமூக நல்லிணக்கத்துக்காக அவருக்குச் சால்வை போர்த்தி ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சாமி படங்களுக்கு நடுவில் மாட்டியிருக்கிறார். கப்புக்குக் கிடைக்க வேண்டிய சால்வை அவருக்குக் கிடைத்தது.

பிறகு பிளாஸ்டிக் பூச்சு உள்ள கப் கூடாது என்று அரசாங்கம் தடை போட்டது. கொஞ்ச நாள் யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒருநாள் அதிகாரிகள் வண்டியில் வந்து எங்கள் கடையிலிருந்து மூன்று மூட்டை கப்பை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அன்று சாயங்காலம் பரண்மேல் இருந்த சாக்கைக் கீழே இறக்க வேண்டியதாயிற்று, ஒளித்து வைத்திருந்த கப் தீரும்வரை அதை யாரும் அவிழ்க்கவில்லை.

நான் ஊரில் இருந்த சனிக்கிழமை அது. அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, நாலு பெரிய மனிதர்களோடு பேக்கரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தோட்டம், தறி, ரெண்டு மில் லாரி என்று இருப்பவர். அரசுப் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவரும் அவர்தான். பெயர் சொல்லாத ஒரு விஷயத்தைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார்கள்.

"ஏனுங்க, இனி அது எப்படிங்க?"

"அதைத்தானுங்க நானும் ரோசனை பண்றேன்."

"நமக்கு ஒண்ணும் இல்லீங்க. ஊட்டுல பெரியவங்க கேப்பாங்கள்ல?"

வீட்டில் பெரியவர் என்று யாரும் மிச்சமில்லாதவர்தான் இப்படிச் சொன்னார். ஒருத்தர், அவரவர் வீட்டிலிருந்து டம்ளர் கொண்டுவரலாம் என்றார். டம்ளரை மடியில் கட்டிக்கொண்டு பஸ் ஏறுவதா என்று அது அடிபட்டுப் போனது. இன்னொருத்தர், ஆஸ்பத்திரி மாதிரி நம்பர் போடலாம் என்றார். ஒற்றைப்படை யாருக்கு, இரட்டைப்படை யாருக்கு என்று கேட்டதும், ராசி பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். சத்தியமாக அப்படித்தான் சொன்னார். நான் உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வந்தேன். பெரியப்பா கடைசியில் கையை உயர்த்தி, "பழைய புள்ளியே இருக்கட்டுமுங்க. ஆருக்கும் மனசு நோகாது" என்றார்.

அந்த வாரம் என் தோழி போன் செய்தாள். அவள் ஆசிரியையாகி, பல ஊர் சுற்றி, அந்த வருஷம்தான் எங்கள் ஊர்ப் பள்ளிக்கே தலைமையாசிரியையாக வந்திருந்தாள். ஜனவரி மாதக் கடைசியில் எல்லா அரசுப் பள்ளிகளையும் போல அங்கேயும் தீண்டாமை ஒழிப்பு உறுதிமொழி எடுக்க வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் வருவார்கள். முடிந்ததும் டீ.

"உங்க பெரியப்பா, உங்கப்பா கடையில டீ சொல்லிப்போட்டாரு. நாப்பது டீ. கிளாஸ்ல" என்றாள்.

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"நான் மேடையில நின்னு உறுதிமொழி வாசிக்கோணும். எனக்கு எந்தக் கிளாஸ் வரும்னு நெனச்சுக்கிட்டே வாசிக்கோணும். எனக்கு அது முடியாது. அந்தப் புள்ளி என்னோட கைக்கு வந்துச்சுன்னா, புள்ளைங்க முன்னாடி நான் எப்படி நிப்பேன்?"

"நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"நீயா?" என்று கேட்டுச் சிரித்தாள். "வர்றப்ப நகத்துல ஒண்ணும் போட்டுட்டு வராத."

அந்தச் சிரிப்பு எனக்கு வலித்தது. லீவு போட்டுவிட்டு முந்தின நாளே ஊருக்குப் போனேன்.

பேக்கரிப் பின்கட்டில் சாக்கு அவிழ்ந்து கிடந்தது. நாற்பது கிளாஸும் வரிசையாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அப்பாவும் பெரியப்பாவும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவற்றை முறைத்துக்கொண்டிருந்தார்கள். எந்த அடியிலும் புள்ளி இல்லை. இத்தனை வருஷம் பரண்மேல் எலிப் புழுக்கையோடும் வெக்கையோடும் கிடந்ததில் நெயில்பாலிஷ் பொரிந்து உதிர்ந்துவிட்டது. தேர்க்கடைச் சரக்கு எத்தனை நாள் வரும்?

"அழிஞ்சு போச்சுதுங்ணா" என்றார் அப்பா. வெள்ளாமை அழிந்ததைச் சொல்கிற குரல்.

பெரியப்பா ஒவ்வொரு கிளாஸாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். இரண்டு கையிலும் இரண்டை வைத்துத் தூக்கிப் பார்த்து, "இது கொஞ்சம் கனமா இருக்குது" என்றார். கனமாக இருப்பது எந்தப் பக்கத்துக் கிளாஸ் என்று நான் கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"எல்லாத்தையும் ஒரே அண்டாவுல போட்டுக் கொதிக்கவெச்சாத் தீந்துதுங்க பெரீப்பா. அப்பறம் எதுக்குப் புள்ளி?" என்றேன்.

"அது சுத்தம். இது வேற" என்றார்.

கால் மணி நேரம் யோசனை நடந்தது. கடைசியில் பெரியப்பா நீதி சொன்னார். கைக்கு வந்த இருபதைத் தனியாக எடுப்பது, அவற்றுக்குப் புதிதாகப் புள்ளி வைப்பது, இன்றைக்கு வைப்பதுதான் கணக்கு.

"அப்ப, பழசுல அவங்க குடிச்சது நம்ம பக்கம் வந்திருந்தா?" என்று அப்பா மெதுவாகக் கேட்டார்.

"தெரிஞ்சாத்தான தம்பி? புள்ளி வெச்சதுலருந்துதான் அது ஆரம்பம்."

இதைக் கேட்டதும் எனக்கு அவர்மேல் இருந்த கோபம்கூட ஒரு நிமிஷம் நின்றுவிட்டது. எத்தனையோ தலைமுறை கட்டிக்காத்த தீட்டை, ஒரு பேக்கரிப் பின்கட்டில், அன்று காலை பத்தரை மணியிலிருந்து புதிதாகத் தொடங்கி வைத்தார் மனுஷன். ரிப்பன் வெட்டாததுதான் குறை.

பிரிவு ரோட்டு ஃபேன்சி ஸ்டோரில் நெயில்பாலிஷ் வாங்கி வரச் சொன்னார்கள். வாங்கி வந்தேன். பெரியப்பா கண் முன்னால் இருபது கிளாஸுக்குப் புள்ளி வைத்தேன். அவர் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, புள்ளி வைத்தவற்றை நீல டிரேயிலும் மற்றதை மஞ்சள் டிரேயிலும் அடுக்கச் சொல்லிவிட்டுப் போனார். பாட்டிலில் முக்கால்வாசி மிச்சமிருந்தது.

மறுநாள் பள்ளிக்கு டிரேக்களைக் கொண்டுபோனது நான். சத்துணவுக் கூடத்தில் தனியாக இருந்தபோது பையிலிருந்து பாட்டிலை எடுத்தேன். அழிப்பதானால் அதற்கு வேறு திரவம் வேண்டும், பஞ்சு வேண்டும், நேரம் வேண்டும். வைப்பதற்கு ஒரு பாட்டில் போதும். மஞ்சள் டிரேயில் இருந்த இருபதுக்கும் வைத்தேன், ஊதி ஊதிக் காயவைத்தேன். ரொம்பக் கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக எனக்குள் ஒரே குஷி. அவளுக்கு மட்டும் வராது, எல்லாருக்கும் வரும். கைதட்டாத குறையாக வெளியே வந்தேன்.

உறுதிமொழி நன்றாகவே நடந்தது. அவள் ஒவ்வொரு வரியாகப் படிக்க, குழந்தைகளும் பெரியவர்களும் வலது கையை நீட்டித் திருப்பிச் சொன்னார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னவர் பெரியப்பா. பிறகு பந்தலில் இரண்டு வரிசையாக நாற்காலி போட்டு எதிரெதிரே உட்கார்ந்தோம். ஒரு வரிசையில் ஊர்க்காரர்கள், எதிர் வரிசையில் ஆசிரியர்களும் காலனிப் பெற்றோர்களும். அப்படி உட்காரும்படி யாரும் சொல்லவில்லை. ஊராட்சித் தலைவர் மட்டும் தாமதமாக வந்து, எதிர் வரிசையில் இடம் கிடைத்து உட்கார்ந்தார். அப்பா மஞ்சள் டிரேயை ஊர்க்காரர்கள் பக்கமும் நீல டிரேயை எதிர்ப்பக்கமும் கொண்டுபோனார். தலைவருக்கு மட்டும் எதிர் வரிசைக்கே போய் மஞ்சளிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

டீ குடிக்கிறபோது கடைசி மடக்குக்குக் கிளாஸை நன்றாகச் சாய்த்துத்தான் ஆக வேண்டும். சாய்த்தால் எதிரே இருப்பவருக்கு அடி தெரியும். பெரியப்பா முதலில் பார்த்தது ஊராட்சித் தலைவரின் கிளாஸை. அடியில் சிவப்பு. அவர் முகம் மாறியது. தம்பி டிரே மாற்றிவிட்டான் என்று நினைத்து அப்பாவைத் தேடினார். அப்பா பந்தல் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதே நேரம் தலைவர், பெரியப்பாவின் கிளாஸடியைப் பார்த்துவிட்டு ஐயோ பாவம் என்பதுபோல் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். அவருக்குத் தன் அடி தெரியாது. இரண்டு பேரும் எதிரே இருப்பவர் கெட்டுப்போனதைப் பார்த்தார்கள், தான் மட்டும் தப்பித்ததாக நம்பினார்கள். வாயைத் திறந்து சொல்லவும் வழியில்லை, ஐந்து நிமிஷம் முன்னால்தான் உறுதிமொழி எடுத்திருக்கிறார்கள். ஒருத்தரும் தன் கிளாஸைத் திருப்பிப் பார்க்கவில்லை. பார்க்காத வரைக்கும் ஒன்றுமில்லையே.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவள் பக்கம் திரும்பினேன்.

அவள் குடித்து முடித்துக் கிளாஸைக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் சிரிப்பு அங்கேயே செத்துப்போனது. மற்றவர்கள் திருப்பிப் பார்க்க மாட்டார்கள் என்று நன்றாகக் கணக்குப் போட்ட எனக்கு, அவள் திருப்பிப் பார்ப்பாள் என்பது தோன்றவே இல்லை. இந்த உலகத்தில் டீ கிளாஸைத் திருப்பிப் பார்க்கக் கற்றுக்கொண்டவள் அவள்தான், கற்றுக்கொடுத்தவள் நான். அவள் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் பாத்துக்கறேன் என்று நான் சொன்ன வார்த்தை அந்தப் பார்வையில் இருந்தது. நான் அவசர அவசரமாக என் கிளாஸைத் திருப்பிக் காட்டினேன். விரலால் எதிர் வரிசையைக் காட்டினேன், பெரியப்பாவைக் காட்டினேன், ஊமை மாதிரி என்னென்னவோ செய்தேன்.

அவள் வரிசையை மெதுவாகப் பார்த்தாள். எழுந்தாள். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பேசுகிற குரலில் சொன்னாள்:

"குடிச்சு முடிச்சவங்க எல்லாரும் கிளாஸைத் தரையில கவுத்து வைங்க. எங்க ஸ்கூல்ல அதுதான் பழக்கம்."

பள்ளிக்கூடத்துக்குள் தலைமையாசிரியர் சொன்னால் எந்த வயதிலும் கை தானாகக் கீழ்ப்படிகிறது. நாற்பது கிளாஸும் கவிழ்ந்தன. இரண்டு வரிசையிலும் நாற்பது சிவப்புப் புள்ளி. முன்னால் உட்கார்ந்திருந்த குழந்தைகள் ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். பெரியவர்கள் எல்லாரும் தங்கள் கிளாஸை மட்டும் பார்த்தார்கள். வேறெங்கும் பார்க்கவில்லை.

முதலில் வாய் வந்தது பெரியப்பாவுக்குத்தான்.

"டிசைனுங்க" என்றார். "கம்பெனி டிசைன். எல்லாக் கிளாஸ்லயும் வருமுங்க."

"ஆமாங்க, இப்பெல்லாம் இப்படித்தானுங்க வருது" என்றார் ஊராட்சித் தலைவர். "பாக்கறதுக்கு லட்சணமா இருக்குதுங்க" என்றார் நம்பருக்கு ராசி பார்க்கிறேன் என்றவர். ஐந்து நிமிஷம் அந்தப் புள்ளியின் அழகைப் பற்றி ஊரே பேசியது.

"நல்ல டிசைன்தானுங்க" என்றாள் அவள். "நான் பத்தாவது படிக்கறப்பவே உங்க தம்பி கடையில பாத்திருக்கேன்."

 அப்பா டிரேயோடு நின்றிருந்தார். பரீட்சை முடிந்த அன்று அவள் புள்ளியைப் பார்த்துவிட்டாள் என்பது அவருக்கு அந்த நிமிஷம்வரை தெரிந்திருக்கவில்லை என்று நினைக்கிறேன். அன்று முட்டை பஃப்ஸ் வைத்து நன்றாகத்தான் கவனித்தோம் என்று இத்தனை வருஷமும் இருந்திருப்பார். வண்டியில் திரும்பி வரும்போது, "அன்னிக்குப் பாத்துப்போட்டாளா கண்ணு?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். ஒருத்தருக்கும் தெரியாமல் மரியாதையாக நடந்துகொண்டோம் என்பதுதான் அவருடைய ஒரே பெருமை. அது போய்விட்டது.

எனக்கு அவள் ஒரு மாதம் போன் செய்யவில்லை. நான் செய்தபோது எடுத்து, "உன்னோட வேடிக்கைக்கு என்னோட கையிலயா கிளாஸைக் குடுப்ப? ஒரு வார்த்தை முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள். மன்னிப்புக் கேட்டேன். தனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, எது முதலில் வந்தது என்று தெரியவில்லை என்றாள்.

அந்த மாதத்தில் அப்பா ஒரு காரியம் செய்தார். பிளேடை வைத்து நாற்பது கிளாஸிலும் புள்ளியைச் சுரண்டினார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. புள்ளி இல்லை என்பது எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்று, டீ ஊற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு கிளாஸையும் வாடிக்கையாளர் முகத்துக்கு நேரே கவிழ்த்துக் காட்ட ஆரம்பித்தார். "பாத்துக்கோங்க" என்பார். அவர்கள் தலையாட்டினால்தான் ஊற்றுவார். கோவிலில் தீபாராதனை காட்டுகிற மாதிரி இருந்தது. கார் நிறுத்தி டீ குடிக்கிற வெளியூர்க்காரர்கள், எவ்வளவு சுத்தம் பாருங்கள் என்று படம் எடுத்துப் போட்டார்கள். அடுத்த பிரிவில் இருக்கிற பேக்கரிக்காரரும், ஏன் எதற்கு என்று தெரியாமலே, கிளாஸைக் கவிழ்த்துக் காட்டத் தொடங்கினார். பெரியப்பா கோபித்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனவர், அங்கேயும் முகத்துக்கு நேரே கிளாஸை நீட்டியதும் திரும்பி வந்துவிட்டார். இப்போது காலனிக்காரர்களோடு அதே பெஞ்சில் உட்கார்ந்து, அதே கிளாஸில் குடிக்கிறார். மனசு மாறிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். எது எதுவென்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் கடையில் உட்கார்ந்திருந்தேன். ஸ்கூட்டர் வந்து நின்றது. அவள்.

"உங்கப்பா கிளாஸை வெச்சு என்னமோ வித்தை காட்றாராமா? பாக்கலாம்னு வந்தேன்" என்று என் எதிரே உட்கார்ந்தாள்.

அப்பா ஒரு கிளாஸை எடுத்து வந்து அவள் முன்னால் கவிழ்த்துக் காட்டினார். "பாத்துக்கோங்க டீச்சர்."

"செரிங்க" என்றாள்.

டீ வந்தது. பள்ளியைப் பற்றி, வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டே குடித்தாள். முடித்ததும் கிளாஸைக் கவிழ்த்துப் பார்த்தாள்.

"முன்னாடியே காட்டுனேனுங்களே டீச்சர்" என்றார் அப்பா.

"பாத்தேனுங்க. கை கேக்க மாட்டேங்குது" என்றாள்.

அதே கை கிளாஸை எடுத்தது. அவள் எழுந்து குழாயடியைப் பார்த்து நடந்தாள். பேசிக்கொண்டே, யோசிக்காமல், கால் தானாகவே போனது. அப்பா கல்லாவிலிருந்து இறங்கி வேகமாகப் போய் அவள் முன்னால் நின்றார்.

"குடுங்க" என்றார்.

அவள் கொடுக்கவில்லை. அவர் அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். குழாயடியில் குனிந்து, சோப்புத் தூளை ஒரு கை அள்ளிப் போட்டு, முழங்கை வரை நுரையாக, வேட்டி நனைய, அந்த ஒரு கிளாஸைக் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். அவள் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்கப்பாவுக்குக் கிளாஸ் கழுவவே தெரியல" என்றாள்.

"ஆமா" என்றேன்.

"எப்படித் தெரியும்? நாங்கதான கழுவிட்டு இருந்தோம்."

அப்பா அந்தக் கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே வந்தார். விளிம்பில் சோப்பு நுரை, அடியில் டீத்தூள் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

"இன்னொரு டீ ஊத்தட்டுங்களா டீச்சர்?"

"ஊத்துங்க" என்றாள். "அதை இன்னொருக்கா கழுவிப்போட்டு ஊத்துங்க."

"செரிங்க" என்று அப்பா மறுபடி குழாயடிக்குப் போனார்.